பேதம் அறிந்த பணிவிடை

முன்னேஸ்வரத்துக்கு வழிபட வருவோர் வேண்டுவன பல. பிள்ளைப்பேறு வேண்டி வருவோர் உளர். பிணி தீர வேண்டி வருவோர் உளர். கடல்வளம் வேண்டி உடப்பிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் வருவோர் உளர். தமிழில் வேண்டுவோரும் சிங்களத்தில் வேண்டுவோரும் ஒரே சந்நிதியில் தோளோடு தோள் உரச நிற்பது இத்தலத்தின் தனிச் சிறப்பு. ஆனால், முதுமை எய்தியோர் வடிவாம்பிகையின் முன் கைகூப்பி நிற்கையில், எம்மொழியினராயினும், வாய்விட்டுச் சொல்லாமல் வேண்டுவது ஒன்றுண்டு. பாயும் படுக்கையுமாகக் கிடந்து உழலாமல், பிறருக்குப் பாரமாகாமல், நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதே அது. அநாயாச மரணம் என்று வடமொழியாளர் இதற்கொரு பெயரே இட்டிருக்கின்றனர்.

இந்த வேண்டுதலைத் தெய்வத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு மனிதர் கைகட்டி நின்ற காலம் கழிந்துவிட்டது. இறப்பைத் தடுக்க மருத்துவத்தால் இயலாது. இறப்புக்கு முன்வரும் வேதனையைப் பெரும்பாலும் தணிக்க இயலும். புற்றுநோயின் வலி, இருதயம் தளர்ந்தோரின் மூச்சுமுட்டல், சிறுநீரகம் செயலிழந்தோரின் குமட்டலும் அரிப்பும், பக்கவாதத்தில் விழுந்தோரின் படுக்கைப் புண் ஆகிய யாவும் தக்க பணியாளர் அருகிருந்தால் தணியத்தக்கவை. இத்துறைக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். நோயை மாற்ற இயலாதபோதும் நோயாளியை ஆற்ற இயலும் என்பதே இதன் அடிப்படைக் கொள்கை.

இன்றைய உலகில் இத்துறைக்கு வித்திட்டவர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். அவர் முதலில் தாதியாகப் பயின்றவர். பிறகு வைத்தியசாலையில் சமூக சேவையாளராகப் பணியாற்றியவர். அவ்விரண்டிலும் கண்டவை போதாவென்று உணர்ந்த பின்னரே மருத்துவம் கற்று 1957இல் மருத்துவரானவர். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். சாகக் கிடப்பவரின் வலி ஒன்றன்று. உடலின் வலி, உள்ளத்தின் வலி, உறவின் வலி, உயிரின் வலி என நான்கும் ஒன்றாய்ப் பின்னியது அது என்பது அவர் கண்ட உண்மை. மாத்திரையால் தணிவது அவற்றுள் ஒன்றே. மற்ற மூன்றுக்கும் மருந்து மனிதரே.

ஆண்டுதோறும் உலகில் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்பராமரிப்புத் தேவைப்படுகிறது என்றும், அவர்களுள் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிட்டுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. இலங்கை இத்துறையில் உறங்கிக் கிடக்கிறது என்று சொல்வது நியாயமன்று. மஹரகமையில் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவண இல்லத்தைப் பலர் அறிவர். பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகம் மருத்துவர்களுக்கு இத்துறையில் தனிப் பயிற்சி அளிக்கத் தொடங்கியிருக்கிறது. 2019 முதல் 2023 வரையிலான காலத்துக்கெனச் சுகாதார அமைச்சு ஒரு தேசியத் திட்டத்தையும் வகுத்தது. ஆகவே, பணி தொடங்கிவிட்டதா என்பது இங்கு நம் கேள்வியன்று. அப்பணிக்குத் தலைமை தாங்குவோர் யார் என்பதே கேள்வி.

தலைமை என்று இங்கே குறிப்பது நாற்காலியை அன்று, முடிவெடுக்கும் உரிமையை. நோய் இனி மாறாது என்னும் உண்மையை நோயாளிக்குச் சொல்பவர் யார்? எந்த மொழியில் சொல்வார்? நள்ளிரவில் வலி மிகும்போது மருந்தின் அளவைக் கூட்டுபவர் யார்? இனி வைத்தியசாலையில் வைத்திருப்பதில் பயனில்லை, வீட்டுக்குக் கொண்டுசெல்லலாம் என்று தீர்மானிப்பவர் யார்? இவ்வினாக்களுக்கெல்லாம் மருத்துவர் என்று ஒரே சொல்லில் விடை கூறுவது நம் வழக்கம். அவ்விடை சரியா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அந்நான்கு. அருகிருப்பவனை மருத்துவனின் ஏவலாளாக வள்ளுவர் வைக்கவில்லை. அவனோடு ஒத்த ஓர் உறுப்பாகவே எண்ணினார். பெரிய வைத்தியசாலைகளும் நுட்பக் கருவிகளும் வந்த பின்பு நாம் அந்நான்காம் உறுப்பை மறந்தோம். நோய் தீரும் நிலையில் மருத்துவர் முன்னிற்பதே முறை, அதில் ஐயமில்லை. ஆனால், தீர்ப்பதற்கு ஒன்றுமில்லாத நிலையில், இரவும் பகலும் அருகிருப்பவர் பின்னே நிற்பதும், நாளுக்கொரு முறை எட்டிப் பார்ப்பவர் முன்னே நிற்பதும் எவ்வகையில் பொருந்தும்?

இவ்வினாவை உலகம் கேட்கும்படி எழுப்பியவர்கள் பெருநகர வைத்தியசாலைகளின் தலைவர்கள் அல்லர். சொந்த மண்ணிலேயே அந்நியராக்கப்பட்ட ஆதிக்குடியினரே எழுப்பினர். நியூசிலாந்தின் மாவோரி இனத்தில் தோன்றிய தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் அவர்களுள் முதன்மையானவர். நோயாளியின் இனம், நிறம், சமயம் எதையும் பாராமல் எல்லாருக்கும் ஒரே வகையாகப் பணி செய்ய வேண்டும் என்பதே அதுவரை தாதியருக்குக் கற்பிக்கப்பட்ட அறம். கேட்பதற்கு இனிய அறந்தான். ராம்ஸ்டன் அது போதாது என்றார். எல்லாருக்கும் ஒரே வகை என்னும்போது, அந்த ஒரு வகை பெரும்பான்மையோரின் வகையாகவே இருந்துவிடுகிறது. சிறுபான்மையோன் தன் மொழியையும் வழக்கத்தையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டியிருக்கிறது. ஆகவே பேதம் பாராமல் அன்று, பேதம் அறிந்து பணி செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. கிடைத்த பணிவிடை நல்லதா, அல்லதா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் அதைக் கொடுத்தவர் அல்லர், பெற்றவரே என்றும் அவர் சொன்னார். பண்பாட்டுப் பாதுகாப்பு என்னும் பெயரால் அக்கொள்கையை அந்நாட்டுத் தாதியர் பேரவை 1992இல் தாதியர் கல்வியில் சேர்த்துக்கொண்டது. அவ்வம்மையார் தாமே புற்றுநோய்க்கு ஆளாகி 2003இல் மறைந்தார்.

அதே இனத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் மேசன் டூரி, 1980களில் மனிதனின் நலத்தை நான்கு சுவர்கொண்ட வீட்டுக்கு ஒப்பிட்டார். உடல் ஒரு சுவர். உள்ளம் ஒரு சுவர். குடும்பம் ஒரு சுவர். ஆன்மா ஒரு சுவர். ஒரு சுவர் சரிந்தாலும் வீடு நில்லாது. சோண்டர்ஸ் அம்மையார் சாவின் விளிம்பில் கண்ட நான்கு வலிகளும், டூரி வாழ்வின் நடுவில் கண்ட நான்கு சுவர்களும் ஒன்றற்கொன்று நேர் நிற்பதைக் காணலாம். வெவ்வேறு திசையினின்று வந்த இருவரும் ஒரே இடத்தில் சந்திக்கின்றனர் என்றால், அவ்விடத்தில் உண்மை இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பேதம் பாராத வைத்திய சேவை நமக்கு உண்டு. ஏழைக்கும் செல்வனுக்கும் கட்டணமின்றி வைத்தியம் செய்யும் அரசு உலகில் எத்தனை? அதனைக் குறைத்துப் பேசுவது நன்றிகேடு. ஆயினும், பேதம் அறிந்த சேவை நமக்கு உண்டா?

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரே நோயாளர் கூடத்தில் நான்கு சமயத்தார் அடுத்தடுத்த கட்டில்களில் கிடப்பர். சைவ முதியவருக்கு வாயில் ஒரு துளி பால் வார்க்கவும், காதருகே தேவாரம் பாடவும் மக்கள் வேண்டும். கத்தோலிக்க மூதாட்டிக்குக் குருவானவர் வந்து நோயில் பூசுதல் செய்ய வேண்டும். முஸ்லிம் பெரியவரை கிப்லாவை நோக்கித் திருப்பி, கலிமாவை நினைவூட்ட வேண்டும். பௌத்தருக்குப் பிரித் ஓதும் ஒலி கேட்க வேண்டும். நோயாளரைப் பார்வையிடும் நேரம் முடிந்ததென்று மணி அடித்ததும் உறவினரை வெளியேற்றும் ஒழுங்கு இவர்கள் அனைவரையும் சமமாகவே நடத்துகிறது. பேதம் பாராத அநீதி என்பது இதுதான்.

மொழி இதனினும் கடுமையான இடர். நீர்கொழும்பு தொடங்கி சிலாபம் வரையுள்ள கரையோர ஊர்கள் பலவற்றில் வீட்டில் தமிழும் பாடசாலையில் சிங்களமும் என்று இரண்டு தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. பாட்டியின் மொழி ஒன்று. பேரனின் மொழி மற்றொன்று. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்வதற்குள் எத்தனை முதியோர் பேசாமலே போய்விடுகின்றனர்! மருத்துவர் சிங்களத்தில் சொல்வதைப் பதினைந்து வயதுப் பேரன் பாட்டிக்குத் தமிழில் பெயர்க்க வேண்டியிருக்கிறது. "இனி மாறாதாம்" என்ற சொல்லை அந்தப் பிள்ளை எந்த வாயால் சொல்வான்? சொல்ல மாட்டான். "எல்லாம் சரியாகிவிடுமாம், ஆச்சி" என்றுதான் சொல்வான். பாட்டி மெய்யை அறியாமலே சாகிறாள். பேரன் பொய்யைச் சுமந்துகொண்டு வாழ்கிறான். இது அந்தப் பிள்ளையின் குற்றமா?

புத்தளத்துக்கு அணித்தான சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வழித்தோன்றல்களையும் நினைக்க வேண்டும். போர்த்துக்கேயர் காலந்தொட்டு இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டோரின் சந்ததியினர் அவர்கள். மஞ்சா என்னும் அவர்தம் பாடலை ஊரார் கேட்டு மகிழ்கின்றனர். அப்பாடலின் போர்த்துக்கேயக் கலப்பு மொழியைப் பேச்சில் வைத்திருப்போர் மிகச் சிலரே. மூளை தளர்ந்த முதியோர் பலர், பிற்காலத்தில் கற்ற மொழியை முதலில் இழந்து, தாய் மடியில் கேட்ட மொழிக்கே திரும்பிவிடுவதை மருத்துவர் கண்டிருக்கின்றனர். அப்படித் திரும்புவோருக்கு விடை சொல்ல அருகில் எவரும் இல்லாவிட்டால், அது சாவுக்கு முன் வரும் ஒரு சாவன்றோ?

நம் நாட்டின் ஆதிக்குடியினரான வேடர் நிலை இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. தம்பானையிலும் ஹெனானிகலையிலும், தமிழ் பேசும் கரையோர வேடராகக் கிழக்கே வாகரைப் பக்கத்திலும் அவர்கள் வாழ்கின்றனர். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அமைந்தபோது அவர்தம் வேட்டைக் காடு அவர்களுக்கே அடைக்கப்பட்டது. முந்தைய வேடர் ஒருவர் இறந்தால் உடலை அவர் இறந்த குகையிலேயே விட்டு, அவ்விடத்தினின்று நீங்கிச் செல்வர் என்றும், இறந்தோர் ஆவியாய் நின்று தம் உறவினருக்குத் துணை புரிவர் என நம்பினர் என்றும் செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளனர். இன்று வழக்கங்கள் பெரிதும் மாறிவிட்டன. ஆனால், இறக்கும் இடமும் இறந்தோரும் இருப்போருக்கு எத்தகையவர் என்னும் எண்ணம் ஒரு குடியின் உள்ளத்தில் எவ்வளவு ஆழத்தில் கிடக்கும் என்பதற்கு இது சான்று. அத்தகைய ஒருவரைத் தொலைநகர வைத்தியசாலையின் இலக்கமிட்ட கட்டிலில் கிடத்திவிட்டு, அவர் ஏன் உண்ண மறுக்கிறார், ஏன் சுவரை நோக்கித் திரும்பிப் படுக்கிறார் என்று வியப்பதில் பொருளில்லை. அவர் வழக்கம் இதுவாகத்தான் இருக்கும் என்று நூலைப் பார்த்து நாமே முடிவு கட்டுவதும் தவறு. கேட்டறிய வேண்டும், கேட்கத் தெரிந்தவர் கேட்க வேண்டும்.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட தமிழரை ஆதிக்குடியென்று அழைக்கலாமா என்பது வரலாற்றாசிரியர் வழக்காடும் விடயம். அதில் இக்கட்டுரை புகவில்லை. வேடரின் இழப்பையும் இக்கரைத் தமிழரின் இழப்பையும் ஒரே தராசில் இடுவதும் முறையன்று. ஆனால், தன் மொழியறியாத, தன் வழக்கமறியாத ஒருவரின் கையில் இறுதி நாட்களை ஒப்படைக்க வேண்டிய நிலை இருவருக்கும் பொது. ஆகவே தீர்வும் ஓரளவு பொதுவாகவே இருக்க முடியும்.

அத்தீர்வு எட்டாக் கனியன்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் இரண்டு எடுத்துக்காட்டுகள் உள. நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் பணியர், பெட்டகுறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடியினருக்கென அசுவினி என்னும் அமைப்பு 1990 முதல் வைத்தியசாலை நடத்தி வருகிறது. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடைப்பட்ட சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில், மருத்துவத் தம்பதியரான ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993 முதல் மலைவாழ் மக்களிடையே பணிபுரிந்து வருகின்றனர். இரண்டிடத்தும் ஒரு செய்தி பொது. தாதியரை நகரத்திலிருந்து தருவிக்கவில்லை. அம்மக்களின் பெண்களையே தேர்ந்து தாதியராகப் பயிற்றினர். நோயாளி வாசலில் கால் வைத்ததும் தன் மொழியில் "வா, உட்கார்" என்னும் குரலைக் கேட்கிறான். இவை நோய்த்தணிப்புக்கென்றே தோன்றியவை அல்ல. ஆனால் நம் வினாவுக்கு விடை அங்கே இருக்கிறது.

நோய்த்தணிப்புக்கென்றே தோன்றிய முயற்சி கேரளத்தினுடையது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய சிறு சங்கம், ஊர்தோறும் தொண்டர் திரண்டு நடத்தும் இயக்கமாயிற்று. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இன்று அங்கே ஊராட்சிகளே தாதியரை நியமித்து வீடு வீடாக அனுப்புகின்றன. வண்டியில் முதலில் ஏறுபவர் தாதி. மருத்துவர் வேண்டும்போது வருபவர்.

ஆபிரிக்காவின் உகண்டா நாடு இன்னும் ஒரு படி மேலே சென்றது. மருத்துவர் மிகக் குறைந்த அந்நாட்டில், தனிப் பயிற்சி பெற்ற தாதியர் மோர்பின் மருந்தை எழுதிக் கொடுக்கலாம் என்று 2004இல் சட்டம் அனுமதித்தது. வலியில் துடிக்கும் உழவனுக்கு நாற்பது கல் தொலைவிலுள்ள மருத்துவரின் கையெழுத்து வேண்டும் என்று சொல்வது, தண்ணீர் கேட்பவனிடம் கிணறு வெட்டும் அனுமதிச் சீட்டைக் கேட்பதற்கு ஒப்பாகும் என்பதை அந்நாடு உணர்ந்தது. நம் நாட்டிலோ மோர்பினை எழுதிக் கொடுக்கும் உரிமை இன்றும் மருத்துவரிடம் மட்டுமே இருக்கிறது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு எதற்கு, நம் வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று சொல்வதற்கும் இடமுண்டு. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, ஊர்தோறும் பயிற்சி பெற்ற மருத்துவ மாதரை நிறுத்திய நாடு இது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்ட இம்மண்ணில், இன்று அத்தொகை 50க்கும் கீழே இறங்கியிருக்கிறது. இந்த வெற்றியில் பெரிய மருத்துவ நிபுணர்களுக்கும் மகப்பேற்று மனைகளுக்கும் பங்குண்டு. ஆனால், சேலையை வரிந்து கட்டி, மழையிலும் சேற்றிலும் நடந்து, கருவுற்ற பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்ற மருத்துவ மாதின் பங்குக்கு ஈடில்லை. அவளிடம் முடிவெடுக்கும் உரிமை இருந்தது. எப்போது தன்னால் இயலும், எப்போது வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள். அவளைப் பார்த்து, நீ மருத்துவர் அல்லையே என்று எவரும் சொல்லவில்லை.

இவ்வுலகுக்கு வருவோரை வரவேற்க வாசல்தோறும் ஒருத்தியை அனுப்பிய நாடு, இவ்வுலகை விட்டுப் போவோரை வழியனுப்ப ஏன் ஒருத்தியை அனுப்பலாகாது?

மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். தாதியருக்குப் பஞ்சம் நிலவுகிறதே, உள்ளவர்களும் வெளிநாடு செல்கின்றனரே என்பது முதல் மறுப்பு. உண்மைதான். ஆனால் பெருநகரில் பயின்று கிராமத்துக்கு அனுப்பப்படுபவர் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதுவதையே முதல் வேலையாகக் கொள்வதுண்டு. தன் ஊரிலேயே வேர்விட்டவள் ஊரை விட்டுப் போக ஒரு முறைக்கு இரு முறை எண்ணுவாள். பஞ்சம் என்பது உள்ளூர்ப் பெண்ணைத் தேர்வதற்கு எதிரான காரணமன்று, அதற்கான காரணமே.

மோர்பின் தீயோர் கையில் சிக்கிவிடுமே என்பது இரண்டாம் மறுப்பு. இவ்வச்சம் செய்யும் தீங்குக்கு இந்தியா சாட்சி. 1985இல் அங்கு வந்த போதைப்பொருள் சட்டம் கள்ளக் கடத்தலைத் தடுக்க எழுந்தது. ஆனால் அதன் கெடுபிடியால் வைத்தியசாலைகள் மோர்பினை வைத்திருக்கவே அஞ்சின. வலியில் கிடந்தோர் வலியோடே மாண்டனர். ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்து, 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. கணக்கேட்டில் ஒவ்வொரு துளியையும் பதிந்து, திரவமாகக் கலந்து, வாரத்துக்கு வேண்டிய அளவை மட்டும் கொடுக்கும் முறை உலகெங்கும் நடைமுறையில் உள்ளது. திருடனுக்கு அஞ்சி நோயாளியைத் தண்டிப்பது நீதியாகாது.

மூன்றாம் மறுப்பே கனமானது. ஊர்ப் பெண் ஊராருக்குத் தாதியானால், ஊர்ப் பகையும் சாதி வேற்றுமையும் அவளோடு நோயாளியின் வீட்டுக்குள் நுழையாவா? நோயாளியின் இரகசியம் கிணற்றடிக்கு வந்துவிடாதா? வருந்தினாலும் ஒப்புக்கொள்ள வேண்டிய கேள்வி இது. தமிழ் பேசுவதனாலேயே ஒருவர் தமிழர் அனைவருக்கும் உற்றவராகிவிடார். படலைக்கு வெளியே நின்று தண்ணீர் வாங்கிக் குடித்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. ஆகவே பிறப்பு ஒன்றே தகுதியாகாது. இரகசியம் காத்தலும், எல்லார் வீட்டுப் படியும் ஏறுதலும், எல்லார் வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடித்தலும் பயிற்சியின் முதற் பாடங்களாக வேண்டும். அதில் தவறுபவர் பதவியில் நீடிக்கலாகாது. பேதம் அறிதல் என்பது பேதம் காப்பதன்று. நோயாளியின் வழக்கத்தை அறிந்து அதற்கு இடங்கொடுப்பதே அது. தாதியின் வழக்கத்தை நோயாளி மீது சுமத்துவதற்கு அதில் இடமே இல்லை.

ஆகவே செய்ய வேண்டியவை எவை? முதலாவதாக, ஆதிக்குடி ஊர்களிலும், உடப்பு, முன்னேஸ்வரம், சிறாம்பியடி போன்ற சிறுபான்மை ஊர்களிலும் பிறந்த பெண்களும் ஆண்களும் தாதியர் கல்லூரிகளில் சேர வழி காண வேண்டும். அதற்கு உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் பயின்றிருத்தல் வேண்டும். கிராமப் பாடசாலைகளிலோ தமிழில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் அரியர். ஆக, நல்ல சாவுக்கான போராட்டம் பாடசாலையின் இரசாயன வகுப்பிலேயே தொடங்குகிறது. இரண்டாவதாக, பொதுச் சுகாதாரத் தாதியருக்கு நோய்த்தணிப்பில் தனிப் பயிற்சியளித்து, வரையறுத்த அளவுக்குள் மோர்பின் கொடுக்கும் உரிமையைச் சட்டத்தால் அளிக்க வேண்டும். மருத்துவர் அவர்களுக்கு மேலதிகாரியாக இராமல், தொலைபேசியின் மறுமுனையில் எந்நேரமும் கிட்டும் ஆசானாக இருக்கட்டும். மூன்றாவதாக, நோயாளிக்கு உண்மை சொல்லும் பணியை எந்தக் குழந்தையின் தோளிலும் ஏற்றலாகாது என்று வைத்தியசாலைகள் விதி செய்ய வேண்டும். நான்காவதாக, இறுதி நிலையிலுள்ளோரின் உறவினருக்குப் பார்வை நேரம் என்னும் வரம்பு இருத்தலாகாது. குருக்களும் குருவானவரும் மௌலவியும் பிக்குவும் வேண்டும்போது வந்துபோக வாசல் திறந்திருக்க வேண்டும். இந்நான்காவது சீர்திருத்தத்துக்கு ஒரு சதமும் செலவில்லை என்பதைப் பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டுவோர் கவனிப்பார்களாக.

கோட்டையை ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு மன்னன், பதினைந்தாம் நூற்றாண்டில் முன்னேஸ்வரத்துக்கு அளித்த கொடையைச் சொல்லும் சாசனம் கோயிலில் இன்றும் இருக்கிறது. கொடுத்தவன் சிங்களவரின் அரசன், பொறித்த மொழி வடமொழி, எழுத்து கிரந்தம், பெற்ற கோயில் சிவனுடையது. பிறருடைய வழிபாட்டுக்கு, அவர்தம் மரபுக்கு இசையவே கொடுக்க வேண்டும் என்று அவ்வரசன் அறிந்திருந்தான். அறுநூறு ஆண்டுக்கு முன்னர் ஓர் அரசனால் இயன்றது, இன்று ஓர் அமைச்சால் இயலாதா?

வலியின்றிச் சாவதற்கு ஒருவர் செல்வராகவோ, தலைநகரில் வாழ்பவராகவோ, பெரும்பான்மையோரின் மொழி பேசுபவராகவோ இருக்கத் தேவையில்லை என்னும் நிலை வரவேண்டும். அந்நிலையைக் கொண்டுவரப் போகும் தாதி இக்கரையோரத்துப் பாடசாலை ஒன்றில் இப்போதே படித்துக்கொண்டிருக்கக்கூடும். அவளுக்கு விஞ்ஞான ஆசிரியர் ஒருவரையும், பயிற்சியையும், மருந்துப் பெட்டியின் திறப்பையும் கொடுக்க வேண்டியது நம் கடன். எஞ்சியதை அவள் அறிவாள்.